லண்டனை முழுதாகப் பார்க்க எங்கே நிற்பது?
கண்ணுக்கு இனிய காட்சிக்கும் அங்கே காவல் உண்டு!

பெரிய ஊருக்குப் புதிதாகப் போகிறவர் முதலில் தெருத்தெருவாகச் சுற்றுகிறார். கால் வலிக்கிறது. கடை தெரிகிறது, வண்டி தெரிகிறது, கூட்டம் தெரிகிறது. ஊர் மட்டும் தெரிவதில்லை! ஊரைப் பார்க்க வேண்டுமானால் உயரத்தில் ஏற வேண்டும்.

லண்டன் மாநகரம் ஏறக்குறைய 2 ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. தேம்ஸ் நதியின் இரு கரையிலும் பரந்து கிடக்கிறது. அந்த நகரத்தை ஒரே பார்வையில் அள்ளிக் கொள்ளச் சில நல்ல இடங்கள் இருக்கின்றன. அவற்றில் சில, மக்கள் விடாப்பிடியாக நின்று காப்பாற்றிக் கொண்டவை.

தீயின் நினைவுச் சின்னம்

1666-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி. புட்டிங் சந்து என்ற குறுகலான தெருவில் ஒரு ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. அந்தத் தீ 4 நாள் எரிந்தது. 13 ஆயிரம் வீடுகளுக்கு மேல் சாம்பலாயின. பழைய செயின்ட் பால் தேவாலயமும் தப்பவில்லை.

அதன் நினைவாக ஒரு கல்தூணை எழுப்பினார்கள். 1677-ல் வேலை முடிந்தது. தூணின் உயரம் 202 அடி. தீ தொடங்கிய ரொட்டிக் கடைக்கும் தூணுக்கும் இடையே உள்ள தூரமும் 202 அடிதான்! தூணுக்கு உள்ளேயே சுழல் படிக்கட்டு இருக்கிறது. மொத்தம் 311 படிகள். மேலே போனால் தேம்ஸ் நதியும், இரட்டைக் கோபுரப் பாலமும் தெரியும். ஆனால் இப்போது சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள் நெருங்கி விட்டன. ஒரு காலத்தில் ஊரையே குனிந்து பார்த்த தூண், இன்று பல கட்டடங்களை அண்ணாந்து பார்க்கிறது!

528 படிகள்

தீயில் அழிந்த தேவாலயத்துக்குப் பதிலாகக் கிறிஸ்டோபர் ரென் என்ற மேதை புதிய தேவாலயத்தைக் கட்டினார். வேலை முடிய 35 ஆண்டு ஆயிற்று. 1675-ல் தொடங்கி 1710-ல் முடிந்தது. உயரம் 365 அடி. உச்சி மாடத்துக்குப் போக 528 படி ஏற வேண்டும். மூச்சு வாங்கும். ஆனால் மேலே நின்று பார்த்தால் ஏறிய களைப்பு பறந்து விடும்.

1940-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் நெருப்புக் குண்டுகளை மழையாகப் பொழிந்தன. சுற்றிலும் கட்டடங்கள் பற்றி எரிந்தன. தேவாலயத்தில் காவல் இருந்த தொண்டர்கள் விடிய விடியத் தீயோடு போராடினார்கள். புகைக்கு நடுவே அதன் குவிமாடம் அசையாமல் நின்றது. அன்று முதல் லண்டன் மக்களுக்கு அது வெறும் கட்டடம் அல்ல, தைரியத்தின் சின்னம்.

காசு இல்லாமல் பார்க்கலாம்

தூணுக்கும் தேவாலயத்துக்கும் கட்டணம் உண்டு. குன்றுகளுக்குக் கட்டணம் இல்லை. வடக்கே ஹாம்ப்ஸ்டெட் புல்வெளியில் பார்லிமெண்டு குன்று இருக்கிறது. உயரம் சுமார் 320 அடி. பிள்ளைகள் பட்டம் விடும் இடம் இது. தெற்கே பார்த்தால் லண்டன் முழுவதும் கோலம் போட்டது போலத் தெரியும்.

இந்தப் புல்வெளி ஒரு பிரபுவின் பாத்தியதையில் இருந்தது. அங்கே வீடுகள் கட்ட வேண்டும் என்று 1829 முதல் அவர் முயன்றார். மக்கள் எதிர்த்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, 40 ஆண்டுக்கு மேல் வழக்கும் வாதமும் நடந்தன. பிரபு காலமானார். கடைசியில் 1871-ல் சட்டம் வந்தது. பொதுமக்களுக்காக நிலத்தை வாங்கினார்கள். பார்லிமெண்டு குன்று 1889-ல் அதோடு சேர்ந்தது. இன்று அங்கே கூலிக்காரரும் கோடீஸ்வரரும் ஒரே புல்லில் உட்கார்ந்து ஒரே காட்சியைப் பார்க்கிறார்கள்.

கிழக்கே கிரீனிச் குன்று இன்னொரு நல்ல இடம். உலகத்தின் தீர்க்கரேகைகளை எண்ணத் தொடங்கும் கோடு அங்கே இருக்கிறது. காலடியில் பழைய அரண்மனை வெள்ளையாகத் தெரியும். அதற்கு அப்பால் தேம்ஸ் நதி வளைந்து போகும்.

வேலி இடுக்கில் ஒரு அதிசயம்

தென்மேற்கே ரிச்மண்டு. அங்குள்ள குன்றிலிருந்து தேம்ஸ் நதி வளைவதைப் பார்க்க ஓவியர்கள் தேடிப் போனார்கள். ஆற்றோரத் தோப்புகளை அழித்து வீடு கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மக்கள் கொதித்தார்கள். 1902-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து அந்தக் காட்சியைக் காப்பாற்றியது.

அருகில் உள்ள ரிச்மண்டு பூங்காவில் ஹென்றி மன்னர் மேடு என்று ஒரு மண்மேடு இருக்கிறது. தன் ராணி ஆன் போலினின் தலை வெட்டப்பட்ட சேதிக்காக 8-வது ஹென்றி மன்னர் இங்கே காத்து நின்றார் என்பது கர்ண பரம்பரைக் கதை. சரித்திர ஆசிரியர்கள் அதை நம்புவதில்லை.

மேட்டில் ஒரு செடி வேலி. வேலியில் ஒரு இடுக்கு. அதன் வழியே எட்டிப் பார்த்தால், மரங்களுக்கு நடுவே, 10 மைல் தூரத்தில் செயின்ட் பால் குவிமாடம்! கதவின் சாவித் துவாரத்தில் படம் பார்ப்பது போல இருக்கும்.

காட்சிக்குக் காவல்

10 மைலுக்கு இடையில் யாரும் உயரமாகக் கட்டவில்லையா? கட்ட விடவில்லை! 1930-களில் தேவாலயத்தைப் பெரிய கட்டடங்கள் மறைக்கத் தொடங்கின. தேவாலயத்தின் கட்டட அதிகாரி காட்பிரே ஆலன் ஓரிடம் விடாமல் அளந்தார். எந்த இடத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்று வரம்பு வகுத்தார். நகராட்சியும் அதை ஏற்றுக் கொண்டது. இன்று லண்டனில் 27 காட்சிகள் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. பார்லிமெண்டு குன்று, கிரீனிச் குன்று, ஹென்றி மன்னர் மேடு ஆகிய மூன்றும் அதில் உண்டு.

ஆனாலும் காவலில் ஓட்டை விழுந்தது. 2016-ல் ரிச்மண்டு மேட்டில் நின்று பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். குவிமாடத்துக்குப் பின்னால், கிழக்கே ஸ்டிராட்போர்டில், 42 மாடிக் கட்டடம் ஒன்று தலை நீட்டிக் கொண்டிருந்தது! முன்னால் மறைக்காமல் காத்தவர்கள் பின்னால் கோட்டை விட்டு விட்டார்கள். கட்டி விட்ட கட்டடத்தை யார் இடிப்பது?

கோபுரம் இடிந்தால் மறுபடியும் கட்டலாம். லண்டன் அதைச் செய்து காட்டியது. மறைந்து போன காட்சியை மீட்பது அவ்வளவு சுலபம் அல்ல. நிலத்துக்குப் பட்டா உண்டு, சொந்தக்காரர் உண்டு. குன்றின் மேல் பட்டம் விடும் பையனிடம் பட்டா இல்லை. அவன் கண் எட்டும் தூரம் மட்டும் அவனுக்குச் சொந்தம். அதையும் ஊர்தான் காவல் காக்க வேண்டும்.