திண்டிவனம் கறுப்புக் கல்லில் வனேடியம் எடுக்க முடியுமா?

திண்டிவனத்தில் ஏதாவது ஒரு மெக்கானிக் கடையில் ஸ்பேனரை வாங்கிப் பாருங்கள். பலவற்றில் ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருக்கும். இந்த வனேடியத்துக்கு இந்தியா பெரும்பாலும் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. 2023இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலிலும் இது உண்டு.

இன்னொரு பக்கம், விழுப்புரம் மாவட்டத்தின் ‘குன்னம் பிளாக்’ கல் சமையல் மேடையாகவும் கல்லறைக் கல்லாகவும் பல ஊர்களுக்குப் போகிறது. அதே வகைக் கல்லில் கொஞ்சம் வனேடியமும் இருக்கும். ‘அப்போ நம்ம ஊர்லயே எடுத்துடலாமே?’ என்று கேட்கத் தோன்றும். அது அவ்வளவு எளிதல்ல.

கல்லுக்குள் எங்கே இருக்கிறது?

வியாபாரத்தில் ‘கறுப்பு கிரானைட்’ என்றாலும், புவியியல்படி இது கிரானைட் இல்லை. பூமிக்கு அடியிலிருந்து மேலேறிய பாறைக்குழம்பு, பழைய பாறைகளின் வெடிப்புகளில் புகுந்து இறுகிய டோலரைட் வகைக் கல். இந்த வகைக் கல்லைப் பொடித்துக் காந்தத்தைக் காட்டினால் சில கறுப்புத் துகள்கள் ஒட்டும். அவை மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம்.

வனேடியம் குடியிருப்பது பெரும்பாலும் அங்கேதான். வனேடியம் அயனியும் இரும்பு அயனியும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் மேக்னடைட் படிகம் வளரும்போது இரும்பு உட்கார வேண்டிய சில இடங்களில் வனேடியம் உட்கார்ந்துவிடுகிறது.

பிறகு ஏன் எடுப்பதில்லை?

அளவுதான் பிரச்சினை. டோலரைட் வகைக் கல்லில் பொதுவாக டன்னுக்கு 200 முதல் 300 கிராம் வனேடியமே இருக்கும், அதாவது 0.03 சதவீதத்துக்குள். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் மேக்னடைட் தனி அடுக்குகளாகவே சேர்ந்து கிடக்கிறது. அந்தத் தாதுவில் வனேடியம் ஆக்ஸைடு சுமார் 1.5 சதவீதம். அங்கே பாறைக்குழம்பு மிக மெதுவாக ஆறியதால் கனமான படிகங்கள் ஒன்றுசேர நேரம் கிடைத்தது. வெடிப்பில் புகுந்த குழம்பு சீக்கிரம் ஆறிவிடும். படிகங்கள் கல் முழுக்கச் சிதறிவிடும்.

பிரித்தெடுப்பதும் செலவு பிடிக்கும் வேலை. தாதுவைப் பொடித்து, சோடியம் உப்புடன் சூளையில் வறுத்தால், வனேடியம் தண்ணீரில் கரையும் உப்பாக மாறும். அதைக் கரைத்து, அம்மோனியம் உப்பாகப் படியவைத்து, மறுபடி சூடாக்கினால் ஆக்ஸைடு கிடைக்கும். டன் கல்லுக்குச் சில நூறு கிராம் என்றால் செலவுக்குக் கட்டாது. கல்லைப் பலகையாக விற்பதுதான் லாபம்.

எதற்குப் பயன்படுகிறது?

பெரும்பகுதி எஃகுக்குப் போகிறது. டன் எஃகில் ஒரு கிலோவுக்கும் குறைவாகச் சேர்த்தாலே போதும். கார்பன், நைட்ரஜனோடு சேர்ந்து நுண்ணிய துகள்களாகி எஃகை வலுப்படுத்தும். கட்டடக் கம்பி மெலிந்தாலும் பாரம் தாங்கும். உரத்துக்குத் தேவையான கந்தக அமிலத்தைத் தயாரிக்கவும் வனேடியம் ஆக்ஸைடு வினையூக்கியாக வேண்டும்.

புதிய தேவை பேட்டரி. வனேடியத்துக்குக் கரைசலில் நான்கு நிலைகள், நான்கு நிறங்கள்: ஊதா, பச்சை, நீலம், மஞ்சள். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எலெக்ட்ரானைக் கொடுக்கும் அல்லது வாங்கும். இதை வைத்து இயங்குவதுதான் ஃப்ளோ பேட்டரி. இரண்டு தொட்டிகளிலும் ஒரே உலோகம் என்பதால், கரைசல் கொஞ்சம் கலந்தாலும் கெட்டுப்போகாது. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க ஏற்றது. கிரேட்டர் நொய்டாவில் என்டிபிசி ஆய்வு மையம் 2025இல் 3 மெகாவாட்-மணி அளவில் ஒன்றைத் தொடங்கியது.

இந்தியாவுக்கு எங்கே கிடைக்கும்?

அருணாசலப் பிரதேசத்தின் பாபும் பாரே மாவட்டத்தில், கரி கலந்த பாறையில் வனேடியம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் கண்டறிந்துள்ளது. ஒடிசா, கர்நாடகத்தில் வனேடியம் கலந்த மேக்னடைட் உண்டு. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் ஆலைகளின் கசடிலும் சேர்கிறது.

ஒரு தனிமம் கல்லில் இருப்பது வேறு, அந்தக் கல் தாதுவாக இருப்பது வேறு. ‘நம்ம நிலத்துக் கல்லுல அரிய உலோகம் இருக்கு’ என்று யாராவது விலை பேச வந்தால், முதலில் கேட்க வேண்டியது ‘டன்னுக்கு எத்தனை கிலோ?’ என்பதைத்தான்.