கலங்கல் காத்த கப்பல்

காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியைத் தாண்டினால் பூம்புகார். தெற்கே நாகப்பட்டினம். 18-ஆம் நூற்றாண்டில் இந்தச் சிறிய கடலோரத்தில் பிரெஞ்சுக்காரர் காரைக்காலிலும், டேனியர் தரங்கம்பாடியிலும், 1781 வரை டச்சுக்காரர் நாகையிலும் வணிகம் நடத்தினார்கள். பாய்க்கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் வெளிக்கடலில் நங்கூரமிட, சலங்கு என்னும் படகுகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கின. புயல் வந்தால் ஒதுங்க இடமில்லாத கடல் இது.

இந்தக் கடலில் மூழ்கிய கப்பல் ஒன்று பூம்புகாருக்கு அப்பால் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனத்தின் முக்குளிப்பாளர்கள் 1990-களில் அதை ஆராய்ந்தார்கள். கடலுக்குள் போன பழைய காவிரிப்பூம்பட்டினத்தைத் தேடிய நீண்ட ஆய்வில் கிடைத்த இந்தச் சிதைவு, அந்த நகரத்தைவிட மிகவும் பிந்தைய காலத்தது. அதற்குச் சான்று, கப்பலில் இருந்த ஈயக்கட்டிகள். சிலவற்றில் 'டபிள்யூ பிளாக்கெட்' என்ற பெயரும், 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட், வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை வைத்திருந்த குடும்பம்.

ஆகவே, இக்கப்பல் 1792-க்கு முன்பு மூழ்கியிருக்க முடியாது. ஒரே ஒரு முத்திரை காலத்துக்குக் கீழ்எல்லை போட்டுவிடுகிறது. சரக்கு எங்கிருந்து புறப்பட்டது என்பதையும் அதுவே காட்டுகிறது. முத்திரை அழிந்திருந்தாலும் வழி உண்டு. யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஈயமாக மாறுவதால், ஈய ஐசோடோப்புகளின் விகிதம் தாதுவுக்குத் தாது வேறுபடும். அதை அளந்து, எந்தச் சுரங்கப் பகுதியின் ஈயம் என்று கணிக்கலாம்.

அந்த ஆழத்தில் வேலை செய்வது எளிதல்ல. 20 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல மூன்று மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று செலவாகும். மேலே ஒரு மணி நேரம் வரும் சிலிண்டர் கீழே 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். உடலில் கரையும் நைட்ரஜன் குமிழியாகிவிடாமல் இருக்க மெதுவாகத்தான் மேலே வர வேண்டும். சிவப்பு நிறம் அந்த ஆழத்துக்கு எட்டாது. மேலும் காவிரி டெல்டாவை ஒட்டிய இக்கடலில் ஆறுகள் கொண்டுவரும் வண்டல், வடகிழக்குப் பருவமழையில் பார்வையை அடியோடு மறைத்துவிடும். அதனால்தான் முதலில் ஒலியலைகளை அனுப்பி, எதிரொலியால் கடல்தளத்தை வரைகிறார்கள். காந்தமானி இரும்புப் பீரங்கிகளையும் நங்கூரங்களையும் உணர்த்தும். மனிதர் இறங்குவது அதற்குப் பிறகு.

ஆனால் பார்வையை மறைக்கும் வண்டல்தான் கப்பலைக் காப்பாற்றுகிறது. கடல்நீரில் திறந்து கிடக்கும் மரத்தைக் கப்பல்புழு துளைத்துத் தின்றுவிடும். அது புழுவல்ல, சிப்பியின் இனம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அதனால் வாழ முடியாது. எனவே புதைந்த மரம் நூற்றாண்டுகள் நிலைக்கும். ஈயமோ, மேற்பரப்பில் தன் உப்புகளாலான மெல்லிய படலம் படிய, மெதுவாகவே அரிபடும். முத்திரைகள் படிக்கக் கிடைத்ததற்கு இதுவும் காரணம்.

கடலடிச் சிதைவின் பெறுமதி பொருளில் மட்டுமல்ல, அது கிடக்கும் இடத்திலும் அடுக்கிலும் இருக்கிறது. எந்தக் கட்டி எதன் மேல், எந்தப் பலகைக்கு அருகே என்பதிலிருந்தே கப்பல் எப்படிச் சாய்ந்தது, சரக்கு எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்று தெரியும். 2001-இல் யுனெஸ்கோ வகுத்த உடன்படிக்கை, இருந்த இடத்திலேயே பாதுகாப்பதை முதல் தெரிவாக வைத்ததும் இதற்காகவே. விசைப்படகின் இழுவை வலை ஒருமுறை உரசினாலே அந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

வலை சிக்கும் இடங்களை மீனவர்கள் அறிவார்கள். காரைக்கால் முதல் பூம்புகார் வரை அவர்கள் சுட்டும் இடங்களை ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து வரைபடமாக்க வேண்டும். வலையில் வரும் பழைய பொருளைக் கண்டவரின் பெயரோடு, கிடைத்த இடத்தின் குறிப்போடு, அருங்காட்சியகங்கள் பெற வேண்டும். இந்தக் கடற்கரை எழுதி வைக்காத வரலாற்றைப் படிக்க அதுவே முதல் வேலை.