மினுங்கும் லொறியும் மொட்டை ரயரும்

மன்னார் – மதவாச்சி வீதியில் பொழுது சாய்ந்த பின் மீன் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். தூரத்தில் வரும்போதே இது இன்னாருடைய லொறி என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஒன்றின் நெற்றியில் நீல விளக்குச் சரம். இன்னொன்றின் பக்கமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பொட்டு விளக்குகள். வெள்ளியாய் மினுங்கும் பம்பர், கூரையில் குழல் வைத்த காற்று ஹோண், சாரதியின் முதுகுக்குப் பின்னால் பெரிய ஸ்பீக்கர். ரயரின் பக்கச் சுவருக்குக் கறுப்புப் பொலிஷ்கூடப் பூசியிருப்பார்கள். அந்தக் கறுப்புக்கு ஒரு சாண் தள்ளி, வீதியில் உருளும் முகத்தைக் குனிந்து பார்த்தால் தவாளிப்பு என்று சொல்ல எதுவும் இராது. சிலவற்றில் ஓரம் தேய்ந்து உள்ளே கம்பி தெரியும்.

மீன் லொறியைச் சொன்னது அது நமக்குப் பக்கத்தில் இருப்பதால். நெல் ஏற்றும் லொறி, மணல் டிப்பர், தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் சிறு லொறி என்று எதை எடுத்தாலும் கதை பெரிதும் வேறல்ல.

இதைப் பகட்டு என்ற ஒரு சொல்லில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. சாரதிக்கு லொறி பாதி வீடு. வாரத்தில் நாலைந்து இரவுகள் அதற்குள்ளேயே கழிகின்றன. வீட்டை அலங்கரிப்பதைக் குறை சொல்லாத நாம் லொறியை அலங்கரிப்பதைக் குறை சொல்வது நியாயமாகாது. எடுப்பான லொறிக்கு ஹயர் கிடைப்பதும் உண்மை. ஆனால் இதற்கெல்லாம் மேலாக நாம் கண்ட காரணம் ஒன்று உண்டு. அலங்காரம் சில்லறைக் காசில் நடக்கிறது. ரயர் மொத்தக் காசு கேட்கிறது. இந்த மாதம் ஒரு சோடி விளக்கு, அடுத்த மாதம் ஸ்டிக்கர், பெருநாளுக்கு ஒரு ஹோண் என்று கையில் மிஞ்சியதைக் கொண்டு வாங்கிவிடலாம். ஆறு சில்லு லொறிக்கு ரயர் போட வேண்டுமானால் ஒரே நாளில் பெருந்தொகை எண்ணி வைக்க வேண்டும். லீசிங் தவணை, டீசல், ஐஸ், கூலி எல்லாம் போய் அவ்வளவு தொகை ஒருநாளும் சேர்வதில்லை. சேராத தொகை விளக்காகவும் ஹோணாகவும் கரைந்து போகிறது. இரண்டு வருடத்தில் அப்படிக் கரைந்ததைக் கூட்டிப் பார்க்கும்படி சில சொந்தக்காரர்களிடம் கேட்டோம். கூட்டியவர்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

பழக்கமும் ஒரு காரணம். 1990களில் வடக்குக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வரத் தடை இருந்தபோது, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய மக்கள் நாம். கிழிந்த ரயருக்குள் வேறொரு ரயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அது அன்றைய கெட்டித்தனம். குண்டும் குழியுமான வீதியில் மணிக்கு இருபது மைல்கூடப் போக முடியாத காலத்தில் அது செல்லுபடியானது. யுத்தம் முடிந்த 2009க்குப் பின் காப்பெற் வீதிகள் வந்தன. அதே ரயர், அதே மனப்போக்கு, மூன்று மடங்கு வேகம்.

பின்னர் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ரயர் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து இரண்டு மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியபோது ரயர் விலையும் கூடவே ஏறியது. 1876இல் ஹெனரத்கொடையில் இறப்பர்க் கன்று நட்ட நாடு இது. பாரந்தூக்கிகளுக்கான திண்ம ரயர்களை உலகமெங்கும் அனுப்புகிற நாடு. நமது லொறிக்காரரோ ஒரு ரயருக்கு அலைந்தார்.

தேய்ந்த ரயர் என்ன செய்யும் என்பதைச் சொல்லாமல் புத்தி சொல்வதில் பயனில்லை. தவாளிப்பு அழகுக்கு வெட்டியதல்ல. மழை வீதியில் சில்லுக்கு அடியில் அகப்படும் நீர் வெளியேறுவதற்கான வாய்க்கால் அது. வயலில் வாய்க்கால் தூர்ந்தால் நீர் தேங்குவதுபோலவே இங்கும். வேகமாகப் போகையில் தேங்கிய நீரின்மேல் ரயர் மிதக்கும். அப்போது பிறேக்கும் ஸ்ரியறிங்கும் சொல் கேளா. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நடக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் வேறொன்று நடக்கும். காற்றுக் குறைந்த ரயர், பாரத்தின் கீழ் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து நிமிர்ந்து சூடேறும். பின் சில்லுகள் இரட்டை. உள்ளே இருப்பதைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. அதில் காற்று இறங்கினால் அதன் பாரத்தையும் வெளி ரயரே சுமந்து, சூடேறி, நடுவழியில் வெடிக்கும். இரும்புக் கம்பியால் தட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. காற்று முற்றாக இறங்கியதை அந்த ஓசை சொல்லும். கால்வாசி குறைந்ததைச் சொல்லாது. ஓடும் முன், ரயர் குளிர்ந்திருக்கும்போது, அளவுமானியால் பார்ப்பதே சரி.

பின் ரயர் வெடித்தால் பெரும்பாலும் லொறியை ஓரங்கட்டலாம். முன் ரயர் வெடித்தால் லொறி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். இதனால்தான் அமெரிக்காவில் லொறிகளின் முன் ரயருக்குத் தவாளிப்பு ஏறத்தாழ 3.2 மில்லிமீற்றர் ஆழமாவது இருக்க வேண்டும் என்றும், மற்றவற்றுக்கு 1.6 போதும் என்றும் விதித்திருக்கிறார்கள். பஸ்களின் முன் சில்லுக்கு ரீபில்ட் ரயர் பூட்டவும் அங்கு தடை. நாமோ நல்ல ரயர் இரண்டு கிடைத்தால் பாரம் பின்னால்தானே என்று பின்னுக்குப் போடுகிறோம்.

வருடாந்தத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். சோதனை நாளுக்கு மாத்திரம் அயலவரிடம் ரயர் இரவல் வாங்கிப் பூட்டி, மாலையில் கழற்றிக் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். 2008 முதல் நடக்கும் புகைச் சோதனை புகையை மாத்திரமே பார்க்கும். 2025 ஜனவரியில் பொலிசார் வாகனங்களின் மேலதிக அலங்காரங்களைக் கழற்றும் நடவடிக்கையில் இறங்கினர். தனியார் பஸ்காரரும் முச்சக்கர வண்டிக்காரரும் எதிர்க்கவே அவகாசம் வழங்கப்பட்டது. அந்த நாட்களில் தேநீர்க் கடைகளில் விளக்கும் ஹோணும் பற்றி எவ்வளவோ வாதம் நடந்தது. ரயர் பற்றி ஒருவரும் வாய்திறந்ததாக நமக்கு நினைவில்லை. புது லொறிக்குச் சில்லுக்குச் சில்லு எலுமிச்சம்பழம் வைத்து நசிப்பார்கள்; சிலர் குருவானவரிடம் கொண்டுவந்து தீர்த்தம் தெளிப்பிப்பார்கள். பல ரயர்களை நின்று பார்ப்பது அந்த ஒருநாள்தான்!

பார்ப்பவர் யார் என்பதும் கேள்வி. சொந்தக்காரர் பெரும்பாலும் அந்த லொறியில் இரவில் போவதில்லை. போகிறவர் சாரதியும், மீன் பெட்டிகளுக்கு மேல் படங்கு விரித்துத் தூங்கும் உதவிப் பையனும். “முதலாளி, முன் ரயர் ரெண்டும் மாத்த வேணும்” என்று சாரதி சொன்னால், “இந்த மாசம் லீசிங் கட்டட்டும் தம்பி, பாப்பம்” என்று பதில் வரும். இரண்டு தரம் சொன்னவர் மூன்றாந்தரம் சொல்வதில்லை. ஸ்ரியறிங்குக்கு ஆள் தேடி அலைய வேண்டிய காலமல்ல என்பது அவருக்குத் தெரியும்.

இப்பகுதிக் கரையோரக் கிராமம் ஒன்றில் ஆறு லொறிக்காரர் சேர்ந்து ரயர்ச் சீட்டு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். யோசனை அவர்களுடையதே, நாம் கணக்குக் கொப்பி மாத்திரம் வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வொரு ஹயர் முடிந்து வரும்போதும் ஒரு சிறு தொகை பெட்டியில் விழுகிறது. மாதம் ஒருவருக்குச் சீட்டு. விழுபவருக்குக் காசு கையில் கிடையாது. இரண்டு ரயராகவே கிடைக்கும், அவையும் முதலில் முன் சில்லுக்கே. ரயரில் பொறித்த நான்கு இலக்கங்களை வாங்கும்போதே படித்துப் பார்க்கிறார்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. கடையில் கிடந்து வெடித்த பழைய ரயரைப் புதிது என்று தலையில் கட்ட முடியாது. தவாளிப்பின் அடியில் குறுக்காக வார்த்திருக்கும் சிறு மேட்டோடு மேற்பரப்புச் சமமாகிவிட்டால் அந்த ரயர் கழற்றப்பட வேண்டும் என்பதும் தீர்மானம். உள் ரயரைப் பார்க்கும் வேலை சாரதிகளுடையது. அவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம், தனியாக முதலாளியிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

மூன்றாம் மாதம் சீட்டு விழுந்தவர் மகளின் சாமத்தியச் சடங்குக்குக் காசாகத் தரும்படி கேட்டார். நெடுநேரம் பேச்சு நடந்தது. காசு கொடுக்கவில்லை, அவருடைய சம்மதத்தோடு முறையை நான்காம் மாதக்காரருக்கு மாற்றிவிட்டு, சடங்குக்கு வேறாகக் கைமாற்றுச் சேர்த்துக் கொடுத்தார்கள். அவருடைய லொறிக்கு அடுத்த மாதம் ரயர் வரும். அதுவரை அது கொழும்பு ஹயருக்குப் போவதில்லை. கரையிலிருந்து மன்னார்ச் சந்தை வரைதான் ஓடுகிறது.