பயிற்சிப் படம்: கேமரா வாங்கும் முன் கற்க வேண்டிய பாடம்

பள்ளிப் படிப்பை முடித்த மகனோ மகளோ ஒளிப்பதிவு கற்க விரும்புவதாகச் சொன்னதும், பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் கேள்வி கேமராவின் விலை பற்றியது. சேமிப்பின் பெரும்பகுதியைக் கருவிக்கும் கல்விக் கட்டணத்துக்கும் ஒதுக்குவதற்கு முன், அத்தொழில் தமக்கு இயைந்ததா என்று அறிந்துகொள்ளச் செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. மூன்று நிமிடப் பயிற்சிப் படம் ஒன்றை முறையாக எடுத்துப் பார்ப்பதே அது.

ஒளிப்பதிவுக் கல்விக்குப் பெங்களூரு புதிய ஊரன்று. அங்குள்ள ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் 1940-களிலேயே ஒளிப்பதிவு ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டது. அங்கு 1946-இல் டிப்ளமா பெற்ற வி.கே. மூர்த்தி, பின்னாளில் குரு தத்தின் படங்களால் புகழ்பெற்றார். 2008-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. 1959-இல் வெளிவந்த ‘காகஸ் கே பூல்’ படத்தில் இருண்ட ஸ்டூடியோவுக்குள் பாயும் ஒளிக்கற்றையை அவர் விலையுயர்ந்த விளக்கால் உருவாக்கவில்லை. வெளியே அடித்த வெயிலைப் பெரிய கண்ணாடிகளால் உள்ளே திருப்பினார். கருவியைவிட ஒளியை அறிந்த கண்ணே முக்கியம் என்பதற்கு இது தக்க சான்று.

சிறிய கதை, தெளிவான எல்லை

பயிற்சிப் படம் என்பது விழாவுக்கு அனுப்பும் குறும்படம் அன்று. ஒரு திறனைப் பழகுவதற்கான வீட்டுப்பாடம். பிரேசர் டவுனை அதன் களமாகக் கொள்வோம். 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைப்பதற்காக அமைக்கப்பட்ட குடியிருப்பு இது. புலிகேசி நகர் என்பது இதன் இன்றைய பெயர். ஒருவர் மசூதிச் சாலையில் உள்ள கடையில் ஒரு பொட்டலம் வாங்குகிறார். நடந்து சென்று கோல்ஸ் பூங்காவின் இருக்கையில் அமர்ந்து அதைப் பிரிக்கிறார். கதை இவ்வளவே. வசனம் வேண்டாம்.

இதைப் பன்னிரண்டு ஷாட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தாளில் சிறு படமாக வரைந்துகொள்ள வேண்டும். ஒரு ஷாட்டுக்கு இரண்டு டேக்குகளுக்கு மேல் கூடாது என்பதும் விதி. 35 மி.மீ. பிலிம் காலத்தில் 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே மாணவர்கள் எண்ணிப் பார்த்த பிறகே கேமராவை இயக்கினர். மெமரி கார்டில் அத்தகைய தடை இல்லாததால், அதை நாமே விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒளியும் தொடர்ச்சியும்

கேமராவைத் தானியங்கி முறையில் விடுவது தொடக்கநிலையினர் பலரிடம் காணப்படும் பழக்கம். மரநிழலிலிருந்து வெயிலுக்கு ஒருவர் நடந்து வரும்போது, தானியங்கிக் கேமரா நடுவழியில் ஒளியளவை மாற்றிவிடும். படம் திடீரென மங்கும். எனவே ஒளியளவு, நிறச் சமநிலை, ஃபோகஸ் ஆகிய மூன்றையும் கையால் அமைக்கப் பழக வேண்டும். பகல் ஒளி ஏறத்தாழ 5600 கெல்வின். பழைய குண்டு பல்பின் ஒளியோ ஏறத்தாழ 3000 கெல்வின். இவ்வேறுபாட்டை உணராவிட்டால் கடைக்குள் எடுத்த காட்சியில் முகம் மஞ்சளாகவோ நீலமாகவோ தோன்றும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. ஆதலால் விளக்கொளியில் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியாக வைத்தால், படத்தில் தோன்றும் துடிப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

முகத்தில் நிழல் கடுமையாக விழுந்தால் ஒரு தெர்மாகோல் பலகை போதும். எதிர்ப்புறம் பிடித்தால் அது மென்மையான ஒளியைத் திருப்பித் தரும். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்தில் (1956) ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கொளியை அதில் பட்டுத் தெறிக்கச் செய்ததும் இதே தத்துவந்தான்.

அடுத்தது தொடர்ச்சி. நடப்பவர் ஒரு ஷாட்டில் இடமிருந்து வலமாகச் சென்றால், அடுத்த ஷாட்டிலும் அவ்வாறே செல்ல வேண்டும். அவர் செல்லும் பாதையைக் கோடாகக் கருதி, அதன் ஒரே பக்கத்தில் கேமராவை நிறுத்தினால் இது தவறாது. பொட்டலம் எந்தக் கையில் இருந்தது என்பதையும் ஒருவர் குறித்து வைத்தல் நலம். இக்குறைகள் படத்தொகுப்பு மேசையில்தான் வெளிப்படும். ஆதலால், எடுத்தவரே தம் படத்தைத் தொகுக்க வேண்டும். எது குறைந்தது, எது மிகை என்பதை அந்த மேசையே கற்பிக்கும்.

சாலையிலும் பூங்காவிலும் படமெடுக்க உரிய அலுவலகத்தில் முன்அனுமதி பெறுவதும், முகம் பதிவாகும் கடைக்காரரின் இசைவைக் கேட்பதும் இப்பயிற்சியின் பகுதிகளே.

செலவைத் திட்டமிடல்

முதற் பயிற்சிக்குக் கைபேசியும் முக்காலியும் போதும். இரண்டாவதற்குக் கேமராவை நாள் வாடகைக்கு எடுக்கலாம். இவ்வாறு மூன்று, நான்கு படங்களை முடித்த பின்னும் ஆர்வம் குன்றாதிருந்தால், முறையான படிப்பைப் பற்றி எண்ணலாம். கல்விக்கடன் நாடுவோர், அந்நிறுவனமும் படிப்பும் அங்கீகாரம் பெற்றவையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடன் தவணை பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தொடங்கும். ஆயினும் இடைக்காலத்துக்கும் வட்டி கணக்கிடப்படும் என்பதை மறத்தலாகாது.

நான்காம் படத்தையும் எடுக்க மனமில்லை என்று உணர்ந்தாலும் அது இழப்பன்று. சில வார உழைப்பில் கிடைத்த அத்தெளிவு, இலட்சங்களைச் செலவிட்ட பின் கிடைப்பதைக் காட்டிலும் மேலானது.