டேப்பை இறுக்காதீர்கள்

“அண்ணே, என் சைஸ் எட்டு. கறுப்பு லெதர்ல ஒரு ஷூ வேணும், எவ்வளவு ஆகும்?”

வாட்ஸ்அப்பில் முதல் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் வரும். சென்னை பெரியமேட்டில் ஆர்டருக்கு ஷூ தைத்துக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் ஆள் கடைக்கே வருவார், காகிதத்தின் மேல் காலை வைப்பார், அளவெடுப்பது எங்கள் பாடு. இப்போது கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கூரியரை நம்பி ஆர்டர் தருகிறார்கள். டேப் அவர்கள் கையில், பொறுப்பு என் தலையில்.

எட்டு என்பதை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நம் கடைகளில் சொல்லும் எட்டு, ஒன்பதெல்லாம் பிரிட்டிஷ் கணக்கு. ஓர் எண் கூடினால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். ஆனால், விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்தின் சுற்றளவு ஆறு மில்லி சொச்சம்தான் கூடும். செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து விரிந்த பாதம் நம்மில் பலருக்கு. எட்டு பக்கவாட்டில் கடிக்கிறது என்று ஒன்பது வாங்குவார்கள். கடி கொஞ்சம் குறையும், ஆனால் முனை காலியாகக் கிடக்கும், ஒவ்வோர் அடிக்கும் குதிகால் கழன்று வரும். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து ஆராய்ந்தது. இந்தியப் பாதம் அகலமானது என்பதுதான் அங்கும் தெரியவந்தது. இந்தியர்களுக்கென்றே ‘பா’ என்ற பெயரில் தனி அளவுமுறை வகுக்கும் முயற்சி அதிலிருந்து பிறந்தது. அது கடைக்கு வரும்போது வரட்டும். அதுவரை, நீளத்தைவிடச் சுற்றளவுதான் எனக்கு முக்கியம்.

அளவெடுக்க மாலை நேரம் நல்லது. நாள் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் எடுத்த அளவுக்குத் தைத்த ஷூ சாயங்காலம் நெருக்கும். எந்த சாக்ஸோடு போடப்போகிறீர்களோ அதையே மாட்டிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மெல்லிய சாக்ஸ் போடப்போகிறவர், தடித்த விளையாட்டு சாக்ஸோடு அளந்து அனுப்பினால் ஷூ தொளதொளவென்றுதான் இருக்கும்.

எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்த காலில் எடை இல்லை. நின்றதும் உள்ளங்கால் வளைவு தாழ்ந்து, பாதம் நீண்டு அகலும். இரண்டு காலிலும் எடையைச் சமமாகப் போட்டு, நேரே பார்த்து நில்லுங்கள். குனிந்து நீங்களே வரையாதீர்கள், குனிந்தால் எடை முன்னால் போய்விடும். வீட்டில் அண்ணனோ அம்மாவோ மனைவியோ யாராவது ஒருவர் தரையில் உட்கார்ந்து வரையட்டும். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிற பையன்கள், “ஆள் இல்லண்ணே, நானே எடுத்துடவா?” என்று கேட்பார்கள். பக்கத்து ரூம் தம்பியைக் கூப்பிடப்பா என்பதுதான் என் பதில்.

காகிதத்தை மெத்தை மேலோ கார்ப்பெட் மேலோ போடாமல் சிமென்ட் தரையில் போடுங்கள். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். பெரிய காலுக்கு அது போதாது, இரண்டு தாளை ஒட்டிக்கொள்ளலாம். அடுத்தது பென்சில். அது தரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் பாதம் ஒல்லியாகிவிடும், வெளியே சாய்ந்தால் பருத்துவிடும். நேராகப் பிடித்தாலும், பென்சிலின் பருமனால் கோடு பாதத்திலிருந்து மூன்று, நான்கு மில்லி தள்ளித்தான் விழும். அதைக் கழிக்க எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பக்கம் நேராகவும் இன்னொரு பக்கம் சாய்த்தும் வரைந்தால் எதைக் கழிப்பது, எதைக் கூட்டுவது?

நீளத்தைக் குதிகாலின் பின்விளிம்பிலிருந்து மிக நீண்ட விரல் வரை எடுங்கள். அது பெருவிரலாகத்தான் இருக்கும் என்றில்லை. எத்தனையோ பேருக்கு இரண்டாவது விரல்தான் முந்திக்கொண்டு நிற்கும். பெருவிரல் மூட்டும் சுண்டுவிரல் மூட்டும் புடைத்திருக்கும் இடங்களைக் கோட்டின் மேலேயே புள்ளி வைத்துக் காட்டிவிடுங்கள். ஷூ மடங்குவது அங்கேதான். ஒரே நீளப் பாதம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு விரல் நீளமாகவும் இன்னொருவருக்கு விரல் குட்டையாகவும் இருக்கலாம். ஒரே ஷூவைக் கொடுத்தால் ஒருவருக்கு அது தப்பான இடத்தில் மடங்கும். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் ஷூ கடைக்காரர் மகனான சார்லஸ் பிரானக் 1920களில் உருவாக்கிய அளவுக் கருவி, நீளத்தோடு குதிகாலிலிருந்து மூட்டு வரையுள்ள தூரத்தையும் அளப்பது இதனால்தான்.

இனி டேப். அந்த இரண்டு மூட்டுகளையும் சுற்றி ஒன்று. அதற்குச் சற்றுப் பின்னால், பாதம் குறுகும் இடத்தில் ஒன்று. புறங்காலின் உச்சி மேட்டில் ஒன்று. குதிகாலின் அடிமுனையிலிருந்து சாய்வாகப் புறங்கால் மடிப்பு வரை சுற்றி ஒன்று. பூட்ஸ் கேட்பவர்களுக்குக் கடைசி அளவு கட்டாயம், கால் உள்ளே நுழைய வேண்டும் அல்லவா? டேப் எங்கே ஓடியது என்பதைப் படத்திலும் கோடு போட்டுக் காட்டுங்கள். சதையில் பதியும்படி டேப்பை இறுக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. ரவிக்கைக்கு அளவெடுக்கும் டெய்லர் பிடிப்பது போல, தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும். டேப் இல்லாதவர்கள் காகிதத்தை விரலகல நாடாவாக வெட்டிச் சுற்றி, முனை சேரும் இடத்தில் கீறி, ஸ்கேலில் வைத்து அளக்கலாம். காகிதம் நீளாது என்பதால், நைந்துபோன பழைய டேப்பைவிட எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை.

இரண்டு காலுக்கும் தனித்தனியாக இத்தனையும் செய்ய வேண்டும். இரண்டும் அச்சு அசலாக ஒன்று போல இருப்பது அபூர்வம். “வலது காலை மட்டும் எடுத்தேன், இடதும் அதேதான்” என்று எழுதுபவர்களுக்கு நான் வேலையையே தொடங்குவதில்லை.

தயவுசெய்து நீங்களாக எதையும் கூட்டாதீர்கள். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டுமே என்று ஒரு சென்டிமீட்டர் சேர்த்து எழுதிவிடுவார்கள். ஷூ தைப்பது ‘லாஸ்ட்’ எனும் பாத வடிவக் கட்டையின் மேல். முனையின் வடிவத்துக்கு ஏற்ற இடம் அந்தக் கட்டையிலேயே விடப்பட்டிருக்கும். நீங்கள் ஒரு பங்கு, நான் ஒரு பங்கு என்று சேர்த்தால் ஷூ படகாகிவிடும். கால் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். கட்டையில் எங்கே தோல் துண்டு ஒட்டி மேடாக்குவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வரைந்த தாளையே கூரியரில் அனுப்புவது உத்தமம். படம்தான் என்றால், பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஏடிஎம் கார்டை வைத்து எடுத்து அனுப்பிய புண்ணியவான்களும் உண்டு. கார்டு எண் பளிச்சென்று தெரியும்! கால் ஆணி, பெருவிரல் மூட்டு வீக்கம், பழைய முறிவு எதுவானாலும் மறைக்க வேண்டாம். பின்னாலிருந்து குதிகாலை ஒரு படம், தேய்ந்த பழைய ஷூவின் அடிப்பாகத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினால், நீங்கள் எந்தப் பக்கம் அழுத்தி நடக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களிடம் மட்டும் வீட்டு அளவை நான் வாங்குவதில்லை. ஷூ கடிப்பது அவர்களுக்குத் தெரியாது. புண்ணான பிறகுதான் கண்ணில் படும். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களை ஆராய்ந்து, மெத்தென்ற காலணியின் அவசியத்தைப் பேசியது இந்த ஆபத்தைப் பார்த்துத்தான். டாக்டரைப் பாருங்கள், எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு பற்றிக் கேளுங்கள், ஷூதான் வேண்டுமென்றால் நேரில் வாருங்கள்.

ஷூ கைக்கு வந்ததும் தெருவில் இறங்கிவிடாதீர்கள். மாலையில் வீட்டுக்குள்ளேயே பாயோ விரிப்போ போட்டு நடந்து பாருங்கள். புதுத் தோல் சோல் மடங்கிப் பழகும்வரை குதிகால் லேசாகத் தூக்கும், அது சரியாகிவிடும். பக்கவாட்டில் லேசான பிடிப்பும் தோல் இளகினால் தளரும். விரல் நுனி முட்டினால் மட்டும் பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். நீளம் இளகாது. சோல் அழுக்காகும் முன் திருப்பி அனுப்புங்கள்.