அச்சுக் கட்டையும் அங்காடி ஆடையும்

பெயர்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் மலிவு விலை ஆடை நிறுவனத்துடன் இணைந்து, குறைந்த எண்ணிக்கையில் ஆடைகளை வெளியிடும் வழக்கம், 2004-இல் கார்ல் லாகர்ஃபெல்டு சுவீடனின் எச் அண்டு எம் நிறுவனத்துடன் இணைந்தபின் பெரிதும் பரவியது. இதனால் வடிவமைப்பாளருக்குப் புதிய வாடிக்கையாளரும் நிறுவனத்திற்கு மதிப்பும் கிட்டுகின்றன. கைவினைஞருக்குக் கிட்டுவது யாது என்பதே நாம் இங்கு ஆராயும் வினா.

2021 ஆகஸ்டில் கொல்கத்தாவைச் சேர்ந்த சப்யசாச்சி முகர்ஜி அந்நிறுவனத்திற்காக வடிவமைத்த ஆடைகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. அவற்றுள் இராசத்தானின் சாங்கானேர் அச்சுக்கலையைத் தழுவிய கோலங்களும் இருந்தன. ஆயின், அவ்வாடைகள் இந்தியக் கைவினைஞரால் செய்யப்படவில்லை எனக் கைவினை அமைப்புகள் திறந்த மடலில் குறைகூறின. இந்திய வடிவமைப்பை உலக அரங்கிற்குக் கொண்டுசெல்வதே தம் நோக்கம் என்று சப்யசாச்சி மறுமொழி தந்தார்.

சாங்கானேர்க் கையச்சு புவிசார் குறியீடு பெற்றதாகும். இக்குறியீடு பெயரைத் தவறாக வழங்குவதைத் தடுக்கும். கோலத்தின் சாயலைத் தழுவுவதைத் தடுப்பதோ அரிது. 2019-இல் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் இது பொருந்தும். சோழமண்டலத் துணி வணிகர் குடியேறிய பினாங்கில், சூலியா தெருவின் வரலாற்றைக் கற்பிக்கும் நாம், துணியை விற்றவரோடு நெய்தவரையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்துதல் வேண்டும்.