பண்டிதர் மாணவர் ஆனார்!

வாத்தியார் வேலை கிடைத்துவிட்டது. மாதச் சம்பளம் வருகிறது. ஊரில் மரியாதை இருக்கிறது. இனி எதற்குப் படிப்பு?

இப்படி நினைக்கும் ஆசிரியர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அப்படி நினைக்காத ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் வேலைக்கு வந்த பிறகுதான் பெரிய படிப்பையே தொடங்கினார். அதனால்தான் இன்று நம் கையில் சிந்தாமணியும் மணிமேகலையும் அழகிய அச்சுப் புத்தகங்களாக இருக்கின்றன.

அவர் யார்?

"தமிழ்த் தாத்தா" என்று நாம் அழைக்கும் உ. வே. சாமிநாத ஐயர்தான்!

25 வயதில் உத்தியோகம்

சாமிநாத ஐயர் 1855-ம் ஆண்டு பிறந்தார். தஞ்சாவூர்ச் சீமையில் உள்ள உத்தமதானபுரம் அவருடைய ஊர். தமிழ் மேல் அவருக்குத் தீராத ஆசை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து பல ஆண்டுகள் பாடம் கேட்டார். 1876-ல் பிள்ளையவர்கள் காலமாகும் வரை அவருக்கு மாணவராக இருந்தார்.

1880-ம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். அந்த இடம் சாமிநாத ஐயருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25.

ஏழைக் குடும்பம். பெற்றோர் பட்ட கஷ்டம் தீர்ந்தது. கல்லூரி மாணவர்களுக்கும் புதுப் பண்டிதரைப் பிடித்துவிட்டது. இனி என்ன குறை?

முன்சீப் கேட்ட கேள்வி

அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் என்பவர் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார். நன்றாகப் படித்தவர். தமிழில் பற்று உள்ளவர்.

1880 அக்டோபர் 21-ந் தேதி சாமிநாத ஐயர் அவரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் விசாரித்தார்.

பண்டிதர் உற்சாகமாகச் சொன்னார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போனார். முன்சீப்பின் முகம் மலரவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்பது போலப் பேசினார்!

பண்டிதருக்குத் திகைப்பு. புராணங்களைச் சொன்னார். கம்பராமாயணத்தையும் சொன்னார். அப்போதும் முன்சீப்புக்குத் திருப்தி இல்லை.

கடைசியில் முன்சீப், சீவக சிந்தாமணி படித்தது உண்டா, சிலப்பதிகாரம் படித்தது உண்டா, மணிமேகலை படித்தது உண்டா என்று கேட்டார்.

பண்டிதர் படித்ததில்லை. அந்தப் புத்தகங்களைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அவர் கோபித்துக்கொண்டு வந்திருக்கலாம். சாக்குச் சொல்லி மழுப்பியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். புத்தகம் கிடைத்தால் படிக்கத் தயார் என்றார்.

முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். அதோடு, தாமே ஐயரிடம் அதைப் பாடம் கேட்கவும் தொடங்கினார்.

படிக்கப் படிக்கச் சந்தேகம்

சிந்தாமணி சுலபத்தில் பிடிபடவில்லை.

அது ஜைன சமயத்தைச் சேர்ந்த காவியம். சாமிநாத ஐயரோ சைவ நூல்களில் ஊறியவர். நச்சினார்க்கினியர் எழுதிய பழைய உரை இருந்தது. ஆனால் அந்த உரையிலேயே ஜைன மதச் செய்திகள் ஏராளம். சொல் தமிழாக இருந்தும் பொருள் விளங்கவில்லை.

பாடம் சொல்பவருக்கே புரியவில்லை என்றால் என்ன செய்வது?

கும்பகோணத்திலேயே ஜைனர்கள் வசிப்பது அவருக்குத் தெரிய வந்தது. அவர்களைத் தேடிப் போனார். அவர் போன வீட்டில் தோரணம் கட்டி விழாக் கோலமாக இருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தார்.

பதிலைக் கேட்டதும் மெய்சிலிர்த்துப் போனார். அந்த வீட்டில் சில மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்து வந்தார்களாம். அன்றுதான் படித்து முடித்தார்களாம். அதற்குத்தான் அந்த அலங்காரம்!

எந்த நூலுக்குப் பொருள் தெரியாமல் அவர் தவித்தாரோ, அந்த நூலை அடுத்த தெருவில் விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று முதல் கல்லூரிப் பண்டிதர் மாணவர் ஆனார். சந்திரநாத செட்டியார் போன்ற ஜைனர்களிடம் அடிக்கடி போய்ச் சந்தேகம் கேட்டார். அவர்கள் அன்போடு விளக்கினார்கள். சைவரான இவர் ஜைன நூலுக்கு உழைப்பதைச் சிலர் குறை கூறினார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

ஊர் ஊராக அலைந்து ஏட்டுச்சுவடிகளைத் தேடினார். பல ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன. தேடியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். பகலில் கல்லூரி வேலை. மற்ற நேரமெல்லாம் சுவடி வேலை. 1887-ல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது.

மறுபடியும் மாணவர்

அதோடு நின்றாரா? இல்லை. பத்துப்பாட்டு 1889-ல் வந்தது. சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும் வந்தன.

மணிமேகலையை எடுத்தார். மறுபடியும் முட்டுக்கட்டை! அது புத்த சமயக் காவியம். கும்பகோணத்தில் அதை விளக்கப் புத்த சமயத்தார் யாரும் இல்லை. புத்த மதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் இருந்தன. ஐயருக்கோ ஆங்கிலம் தெரியாது.

அதே கல்லூரியில் மளூர் ரங்காசாரியார் என்ற ஆசிரியர் இருந்தார். அவர் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொன்னார். ஐயர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். உடன் வேலை பார்க்கும் ஒருவரிடம் பாடம் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று அவர் நினைக்கவில்லை. 1898-ல் மணிமேகலை வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 43.

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-ல் "மகாமகோபாத்தியாயர்" பட்டம் வந்தது. 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது.

முதுமையில் திரும்பிப் பார்த்தார்

85-வது வயதில், 1940-ல், அவருடைய வாழ்க்கை வரலாறு "என் சரித்திரம்" என்ற பெயரில் ஆனந்த விகடனில் வரத் தொடங்கியது. 1942-ல் அவர் மறையும் வரை எழுதினார்.

தமக்குக் கிடைத்த பட்டங்களைப் பற்றி மட்டும் பெருமை பேசும் புத்தகம் அல்ல அது. முன்சீப் எதிரே விடை தெரியாமல் உட்கார்ந்திருந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வியே தம் வாழ்க்கையின் திருப்பம் என்று நன்றியோடு நினைத்துப் பார்த்திருக்கிறார்.

இன்று ஆசிரியர்கள் மேலே படிக்க வழிகள் பல. தபால் வழிப் படிப்பு உண்டு. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. பயிற்சி வகுப்பு உண்டு. பட்டம் கிடைத்தால் சம்பளம் உயரலாம். நல்லதுதான்.

ஆனால் படிப்பின் முதல் படி பணம் கட்டுவது அல்ல. "இது எனக்குத் தெரியாது" என்று சொல்வதுதான் முதல் படி.

வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து நின்று கேள்வி கேட்கிறான். வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை. "உட்காரடா!" என்று அதட்டினால் கேள்வி அங்கேயே செத்துவிடும். "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன், தம்பி" என்று சொல்லி, அன்று இரவு விளக்கடியில் புத்தகத்தைத் திறந்தால் இருவருமே வளர்வார்கள்.

கும்பகோணத்தில் ஓர் இளம் பண்டிதர் அதைத்தான் செய்தார். அதனால் வளர்ந்தது அவர் மட்டுமா? தமிழும் வளர்ந்தது!